நீளக் கடிதம் வந்தால் விற்றுவிடு

உ

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா
யுவ வருஷம் வைகாசி 3

சிரஞ்சீவி தம்பி பழனிச்சாமிக்கு அக்காள் ராமாத்தாள் ஆசீர்வாதம்.

பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் வரியில் பொய் எழுதக் கூடாது என்று அப்பா நமக்குச் சொல்லிக்கொடுத்தபடி எழுதுகிறேன். இங்கு உன் மச்சானும் மாடு கன்றும் சுகம். எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. உன் சுகத்துக்கு எழுதவும்.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டுவதற்கு முன் முழுவதும் படி. எருமை நெய் விற்றுச் சேர்த்த பணத்தில் பாதியைக் கொடுத்து, நீ வேலை பார்க்கிற தேயிலைக் கம்பெனியின் பங்கு வாங்கியிருக்கிறேன். உன் மச்சான் பருத்தி விற்கக் கோயம்புத்தூர் போனபோது நானும் கூடப் போனேன். வாளையாரில் வண்டியை அவிழ்த்துவிட்டு ரயிலேறினோம். பருத்தி மண்டிக்கு மேல்மாடியில் சூசையப்பன் என்று ஒரு ஷேர் தரகர் இருக்கிறார். பக்கத்து ஊர்க்காரர்கள் அவரிடம் மில் பங்கு வாங்கி நாலு காசு பார்த்த கதையைக் கேட்டுக்கேட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது. "எந்தக் கம்பெனி வேணுமுங்க அம்மா?" என்றார். உன் கம்பெனியைத் தவிர எனக்கு வேறு ஒரு கம்பெனியின் பேரும் தெரியாது.

பத்திரத்தைக் கையில் கொடுத்தபோது உன் மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, இந்தக் காயிதத்தக் கெணத்துல உட்டாத் தண்ணி வருமுங்களா?" என்று தரகரிடமே கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

அவர் கேட்டதும் தப்பில்லை. கிணற்றுக்காகத்தான் இது எல்லாம். உன் காட்டுக் கிணறு பாறை தட்டி வறண்டு போனதால்தானே நீ அந்தக் குளிர்மலைக்குப் போனாய். இன்னும் கொஞ்சம் வெடி வைத்து இறக்கினால் ஊற்று உண்டு என்று நீரோட்டம் பார்க்கிறவர் சொல்லிவிட்டார். நெய்ப் பணம் மட்டும் அதற்கு எட்டாது. பங்கு விலை ஏறினால் எட்டும். தண்ணீர் வந்தால் வானம் பார்த்த உன் காடு தோட்டமாகும், நீயும் ஊர் வந்து சேருவாய். எனக்கு வேறு ஆசை கிடையாது.

ஆகையால் அங்கே தேயிலைக் கொழுந்து எப்படி, கம்பெனிக்கு லாபம் வருமா என்று கடிதத்துக்குக் கடிதம் எழுது.

இப்படிக்கு,
ராமாத்தாள்

உ

ஏலப்பாறை
வைகாசி 19

அக்கா அவர்களுக்குத் தம்பி பழனிச்சாமி அநேக நமஸ்காரம்.

நான் இங்கு சுகம், ஜலதோஷம் மட்டும் உண்டு. அங்கு எல்லோருடைய சுகத்துக்கும் எழுதவும். பல்லில் கிராம்பு வைத்து அமுக்கவும்.

திட்டவில்லை. கடிதத்தை ஆபீஸ் படியில் வைத்து இரண்டு தடவை படித்தேன், அவ்வளவுதான். அக்கா, பங்கு என்பது நிலமும் அல்ல, வட்டிக்கு விட்ட பணமும் அல்ல. இந்த மலையில் ஒரு தேங்காய்க் கீற்று அளவு உங்களுக்குச் சொந்தம். விளைந்தால் லாபத்தில் உங்கள் பங்கு வரும். விளையாவிட்டால் கீற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் கேட்டதை நான் எழுத முடியாது. கணக்குப்பிள்ளை வேலையில் சேர்ந்த அன்று, கொழுந்துக் கணக்கை வெளியே சொல்லமாட்டேன் என்று துரையிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அக்காவுக்குச் சொன்னாலும் சொன்னதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள். கொழுந்தைப் பற்றிக் கேட்கவும் வேண்டாம்.

எனக்கும் ஊர் வரத்தான் ஆசை. இங்கே வேட்டி காய நாலு நாள் ஆகிறது. கிணற்றில் தண்ணீர் என்று நீங்கள் எழுதுகிற அன்றைக்கே ராஜினாமா எழுதிவிடுவேன். மச்சானுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
பழனிச்சாமி

உ

கொழிஞ்சாம்பாறை
ஆனி 25

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம்.

இங்கு சுகம். பல்லைப் பிடுங்கியாயிற்று, வீக்கம் இருக்கிறது. உன் சுகத்துக்கு எழுதவும்.

உன் வாக்கு உனக்குப் பெரிது. அதில் எனக்குப் பெருமைதான். இனிக் கொழுந்து என்ற சொல்லே என் கடிதத்தில் வராது.

நான் சூசையப்பனிடம் பாடம் கேட்டுக்கொண்டு வருகிறேன். பணம் முழுவதையும் ஒரே நாளில் போடாதே என்கிறார். ஊர் முழுக்கப் பேசுகிற கம்பெனியை ஊர் பேசி முடிந்த பிறகு வாங்காதே என்கிறார். எந்த விலை வந்தால் விற்பது என்று வாங்கும்போதே மனதில் முடிச்சுப் போட்டுக்கொள் என்கிறார். மூன்றும் நாம் காளை வாங்குகிறபோது செய்கிறதுதான். இதைப் போய் ஒரு பெரிய வித்தை மாதிரி சொல்கிறார்.

ஆனால் நான் ஒரு தப்புச் செய்தேன். போன வாரம் விலை நன்றாக இறங்கியிருந்தது. மீதிப் பணத்தையும் மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் லட்சுமியை எப்படிக் கைவிட்டுக் கொடுப்பது? நாளை தருகிறேன் என்றேன். "அம்மா, வெலை நாளைக்கு வரைக்கும் காத்துட்டு இருக்காதுங்க" என்றார் சூசையப்பன். காத்திருக்கவில்லை. சனிக்கிழமை ஏறிவிட்டது. பணத்தோடு ஊர் திரும்பினேன். வழியெல்லாம் உன் மச்சான் சிரித்துக்கொண்டே வந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, என்னைக் கேலி செய்ய மட்டும் நன்றாகத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
ராமாத்தாள்

உ

ஏலப்பாறை
புரட்டாசி 4

அக்காவுக்கு நமஸ்காரம்.

நான் இங்கு சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். எழுத நேரமில்லை, பிறகு எழுதுகிறேன்.

பழனிச்சாமி

உ

கொழிஞ்சாம்பாறை
புரட்டாசி 21

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம்.

இங்கு எல்லோரும் முழுச் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அன்றைக்கே புறப்பட்டுப் போய் மீதிப் பணத்துக்கும் பங்கு வாங்கினோம். போனது புதன்கிழமை. வாங்கி ஒரு வாரத்துக்குள் விலை ஏறத் தொடங்கியிருக்கிறது. சூசையப்பன் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். "யாருங்க உங்களுக்குச் சொல்றது?" என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது சத்தியம்.

நேரமில்லாவிட்டால் நீ இப்படியே குட்டிக் கடிதம் எழுது. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இப்படிக்கு,
ராமாத்தாள்

உ

ஏலப்பாறை
ஐப்பசி 24

அக்கா அவர்களுக்கும் மச்சான் அவர்களுக்கும் தம்பி பழனிச்சாமி அநேக நமஸ்காரம்.

அங்கு எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று பழனியாண்டவனை வேண்டுகிறேன். மாடு கன்றுகளின் சுகத்துக்கும் எழுதவும்.

மூன்று வரிக் கடிதத்துக்கு மனம் நிறைந்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். இந்தத் தடவை அந்தக் குறை வேண்டாம் என்று சாவகாசமாக எழுதுகிறேன். நேரம் நிறைய இருக்கிறது. இங்கே ஜன்னல் ஒன்று இருக்கிறது. காலையில் அதில் மேகம் வந்து நிற்கும். வெயில் ஏறினதும் எதிர்மலை தெரியும், அங்கே கொழுந்து பறிக்கிறவர்கள் குடியிருக்கிற லயத்து வீடுகள் தெரியும், கோழிகள்கூடத் தெரியும். ஒரு சேவல் தினமும் கூரை மேல் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் கத்துகிறது. அது எப்படி இறங்குகிறது என்பதை நான் இதுவரை பார்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் எப்படியோ கண்ணசந்து விடுகிறேன்.

வேலுத்தாய் என்று ஒரு அம்மாள் இருக்கிறார், சங்கரன்கோயில் பக்கம். எனக்குக் கஞ்சி கொண்டுவந்து தருகிறார். நான் எழுதிக்கொண்டிருந்தால் பொறுக்காது. "கணக்கய்யா, கஞ்சி ஆறுது, குடிச்சிருங்க. பேனாவப் பெறவு புடிக்கலாம்" என்பார். கஞ்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் கொள்ளுப் பருப்பும் கம்மஞ்சோறும் நினைவுக்கு வருகின்றன. கொள்ளைக் கடைந்த பிறகு நீங்கள் எதைத் தாளித்துப் போடுவீர்கள் என்று எழுதவும். இந்த அம்மாளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கிணற்றை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். தண்ணீர் வந்தால் முதலில் என்ன போடலாம்? மச்சான் மஞ்சள் என்பார். எனக்கு ஒரு பாத்தி வெங்காயம் போட வேண்டும். கரையோரம் முருங்கை நாலு குச்சி நட வேண்டும். வடக்கு மூலையில் கல் பொறுக்கி வரப்பைத் திருத்த வேண்டும், அங்கேதான் மழைத்தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு போகிறது. இதையெல்லாம் படம் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பழனிச்சாமி

உ

கொழிஞ்சாம்பாறை
கார்த்திகை 10

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம்.

இங்கு சுகம், எனக்கு மட்டும் மனம் சரியில்லை. உன் சுகத்துக்கு எழுதவும்.

உன் நீளக் கடிதம் கிடைத்தது. சேவல் கதையைப் படித்துக் காட்டினேன், உன் மச்சான் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே கோயம்புத்தூர் போய்ப் பங்கில் பாதியை விற்றுவிட்டேன். வாங்கின விலையைவிட ஏதோ கொஞ்சம் கூடுதல் கிடைத்தது. அது வியாழக்கிழமை. மீதிப் பாதிக்கு ஆள் இருக்கிறது, நாளைக் காலை பத்திரத்தைக் கொடுத்தால் பணம் என்றார் சூசையப்பன். நாளை வெள்ளிக்கிழமை என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஆள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டானாம்.

மீதியையும் சீக்கிரம் விற்க வேண்டும். இப்போது கடலை பிடுங்குகிற வேலை, வீட்டை விட்டு நகர முடியவில்லை. கிணற்றுக்கு வெடி வைக்கிறவர்களிடம் பாதிப் பணம் கொடுத்துப் பேசியிருக்கிறேன். மீதிப் பணம் வராவிட்டால் வேலை பாதியில் நிற்கும். அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

கொள்ளுக்குச் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளித்தால் போதும்.

இப்படிக்கு,
ராமாத்தாள்

உ

ஏலப்பாறை
கார்த்திகை 28

அக்காவுக்குத் தம்பி அநேக நமஸ்காரம்.

அங்கு எல்லோருடைய சுகத்துக்கும் எழுதவும். நீங்கள் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

ஏன் விற்றீர்கள்? யார் சொல்லி விற்றீர்கள்? இதற்குமேல் நான் எழுதியிருந்த மூன்று வரியை மசி பூசி அடித்திருக்கிறேன். அடித்த இடத்தை விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டாம்.

கடலை வேலை முடிய இன்னும் நாளாகும் அல்லவா? ஆகட்டும். அவசரமாக வேலை செய்தால் மச்சானுக்கு இடுப்பு வலிக்கும். நன்றாகக் காய வைத்து, நிதானமாகவே முடியுங்கள். கோயம்புத்தூர் எங்கேயும் ஓடிவிடாது.

சேவல் இறங்குவதைப் பார்த்துவிட்டேன். வேறொன்றுமில்லை, கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிறது. வேலுத்தாய் அம்மாளுக்குக் கொள்ளு சரியாக வரவில்லை. நான் இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு மறுபடி கஞ்சிக்கே போய்விட்டேன். தோட்டத்துப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். கிணற்றைச் சற்றுப் பெரிதாகவே போட்டுவிட்டேன், ஆசைதான்.

இப்படிக்கு,
பழனிச்சாமி

உ

கொழிஞ்சாம்பாறை
தை 6

தம்பி பழனிச்சாமிக்கு,

இங்கு நான் சுகமில்லை. காரணம் நீ.

முதலில் என் திருட்டைச் சொல்லிவிடுகிறேன். மலைக்குப் போனதிலிருந்து நீ எழுதின கடிதங்களை எல்லாம் கம்பியில் கோர்த்து வைத்திருக்கிறேன். பழைய விலைகளைச் சூசையப்பனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். கொழுந்து குவிகிற மாதத்தில் உனக்கு மூச்சுவிட நேரமில்லை, மூன்று வரி எழுதுவாய். கொழுந்து இல்லாத மாதத்தில் நாலு பக்கம் எழுதுவாய். கொஞ்ச நாள் பொறுத்து விலையும் அதே மாதிரி ஏறி இறங்குகிறது. அதனால் குட்டிக் கடிதம் வந்தால் வாங்கு, நீளக் கடிதம் வந்தால் விற்றுவிடு என்று வைத்துக்கொண்டேன். நீ வாக்குத் தவறவில்லை, நானும் கேட்கவில்லை. என்னைப் போலக் கெட்டிக்காரி இந்தத் தாலுகாவில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று சூசையப்பனிடமிருந்து தகவல் வந்தது. உன் கம்பெனிக்கு இந்த வருஷம் நல்ல விளைச்சலாம், லாபப் பங்கு கூடுதலாகத் தரப்போகிறார்களாம். விலை எங்கேயோ போய்விட்டதாம். பிறகு ஏன் உன் கடிதம் இரண்டும் நீளமாக வந்தன? எங்கே தப்புக் கணக்குப் போட்டேன் என்று எல்லாக் கடிதத்தையும் கம்பியிலிருந்து உருவிப் பாயில் பரப்பினேன். நீ அடித்த இடத்தை விளக்கிலும் பிடித்தேன். மசியை நன்றாகத்தான் பூசியிருக்கிறாய்.

அப்புறம்தான் தெரிந்தது. எல்லாக் கடிதத்திலும் சுழிக்குக் கீழே "நான் இங்கு சுகம்" என்று இருக்கிறது. கடைசி இரண்டில் இல்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு ஜன்னலும் கஞ்சியும் கண்ணில் பட்டன. வேலை செய்கிறவன் பகலெல்லாம் சேவலைப் பார்த்துக்கொண்டு கிடப்பானா? உன் கடிதத்தில் நான் கொழுந்தைத் தேடித்தேடிப் படித்திருக்கிறேன். உன்னைப் படிக்கவே இல்லை. எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, உட்கார்ந்து அழுதேன்.

உன் மச்சான் வந்து பார்த்தார். "அழுதுட்டு உக்காந்தா ஆச்சா? பையனுக்கு என்னாச்சுன்னு எழுதிக் கேளு. பதில் வல்லீனா நானே மலையேறிப் போயிப் பாக்கறேன்" என்றார். காயிதத்தைக் கேலி பேசினவர், இப்போது தபால்காரர் வருகிற வழியில் நின்றுகொண்டிருக்கிறார்.

பங்கு போகட்டும், கிணறும் போகட்டும். உனக்கு என்ன?

ராமாத்தாள்

உ

ஏலப்பாறை
தை 17

அக்காவுக்கும் மச்சானுக்கும் நமஸ்காரம்.

நான் இங்கு சுகமில்லாமல் இருந்தேன், இப்போது முக்கால் சுகம். அழுகையை நிறுத்தவும்.

ஐப்பசியில் ஒரு நாள் ஸ்டோருக்குப் போகிற மரப்பாலத்தில் வழுக்கி விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மட்டை வைத்துக் கட்டிப் படுக்கவைத்துவிட்டார்கள். கை நன்றாக இருந்தது, அதனால் எழுதினேன். கட்டிலோடு கிடப்பவனுக்கு வேறு என்ன வேலை? இப்போது கோல் ஊன்றி நடக்கிறேன். ஆபீசுக்கும் போகத் தொடங்கிவிட்டேன்.

சொன்னால் நீங்கள் பங்கை எல்லாம் விற்றுவிட்டு ஓடி வந்துவிடுவீர்கள், கிணறு அப்படியே கிடக்கும் என்றுதான் சொல்லவில்லை. சுகம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். சுழிக்குக் கீழே பொய் எழுதக் கை வரவில்லை. அந்த வரியை விட்டுவிட்டால் தெரியாது என்று நினைத்தேன். நான் சொல்லாமல் இருந்ததாலேயே நீங்கள் விற்றுவிட்டீர்கள். இதை நினைத்து வேலுத்தாய் அம்மாள் பயப்படும் அளவுக்குச் சிரித்தேன், பிறகு எனக்கும் கண் கலங்கிவிட்டது.

எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் இப்போது சொல்லலாம். நான் படுத்திருந்த மாதங்களில் இங்கே கொழுந்து மலைபோல் குவிந்தது. என் கூட்டாளிகள் என்னைப் பார்க்க வரக்கூட நேரமில்லாமல் ஓடினார்கள். அடித்த மூன்று வரியிலும் ஒன்றுதான் எழுதியிருந்தேன், விற்காதீர்கள் என்று.

ஒரு வேண்டுகோள். என் கடிதத்தின் நீளம் நான் கொடுத்த வாக்கைக் கெடுத்திருக்கிறது. இது தெரிந்த பிறகு என்னால் துரை முகத்தைப் பார்க்க முடியவில்லை. மீதிப் பங்கை விற்றுவிடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே இருக்கிற வரையில் உங்களுக்கு மாதம் ஒரு பக்கம்தான், கூடவும் மாட்டேன் குறையவும் மாட்டேன்.

இப்படிக்கு,
பழனிச்சாமி

உ

கொழிஞ்சாம்பாறை
பங்குனி 9

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம்.

இங்கு எல்லோரும் சுகம். வெடிச் சத்தத்தில் காது மட்டும் அடைத்திருக்கிறது.

நீ சொன்னபடி மீதியை விற்றாயிற்று, திங்கட்கிழமை. முதல் பாதிக்குக் கிடைத்ததுபோல ஒன்றரை மடங்கு. இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை குறுக்கே வந்து காப்பாற்றியது. "உங்க லட்சுமி எனக்குத் தெரியாத வித்தையெல்லாம் படிச்சிருக்காங்க" என்கிறார் சூசையப்பன். மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்டார். தம்பியை விற்று வாங்குகிற வியாபாரம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை.

கிணற்றில் தண்ணீர். முந்தாநாள் கிழக்குப் பாறையில் வெடி வைத்ததும் ஊற்று பிய்த்துக்கொண்டு வந்தது. உன் மச்சான் வேட்டியோடு இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "காயிதத்துல இருந்து வந்த தண்ணி, நல்லாத்தான் இருக்குது" என்றார்.

வேலையாட்களுக்குச் சமைக்க வேண்டும், அதனால் இவ்வளவுதான். நீ சுகம் என்று எழுதினாலும் இனி நான் நம்பமாட்டேன். நடந்து காட்டு.

ராமாத்தாள்

உ

ஏலப்பாறை
பங்குனி 22

அக்காவுக்கு நமஸ்காரம்.

நான் சுகம், நடையில் கொஞ்சம் சாய்வு உண்டு. ராஜினாமா கொடுத்துவிட்டேன். சித்திரை முதல் வாரம் வருகிறேன். மச்சானை வண்டி அனுப்ப வேண்டாம் என்று சொல்லவும். கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியிலிருந்து வரப்பு வழியாக நடந்தே வருவேன். கிணற்று மேட்டில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் குட்டியாக இருக்கிறதே என்று பங்கு வாங்கப் போய்விட வேண்டாம். மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பழனிச்சாமி